முன்காலில் இருந்த வேகம்

பந்தை வீசி முடித்த அடுத்த நொடி என் மகன் எங்கே பார்க்கிறான் என்று கவனித்தால், இன்றைய பேஸ்பால் எங்கே வந்து நிற்கிறது என்பது புரிந்துவிடும். பந்தைப் பிடிக்க எதிரே உட்கார்ந்திருக்கும் கேட்சர் அதை எந்த இடத்தில் வாங்கினார் என்று அவன் பார்ப்பதில்லை. வலைக்குப் பின்னால் முக்காலியில் நிற்கும், பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னைத்தான் பார்க்கிறான். வெளிமூலையில், முழங்கால் உயரத்தில், கேட்சர் கையுறையை அசைக்கவே தேவையில்லாதபடி போய் விழுந்த பந்துக்கு மணிக்கு 67 மைல் என்று காட்டினால் அவன் தோள் தொங்கிவிடுகிறது. அடுத்த பந்து கேட்சரின் தலைக்கு மேலே பறந்து வலையில் மோதுகிறது. எண் 71 என்று வருகிறது, முகம் மலர்ந்துவிடுகிறது. அவனுக்கு வயது 14. அவனோடு ஆடும் பையன்கள் எல்லோரும் இப்படித்தான். வலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெற்றோர்களும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறோம்.

இது சரியா என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னை விடவில்லை. நியூ ஜெர்சியில் பிள்ளைகளை ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீமுக்கு அனுப்பும் பெற்றோர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, வேகமெல்லாம் தானாக வரும், இந்த வயதில் குறி பார்த்து வீசக் கற்றுக்கொண்டால் போதும் என்று சொல்லும். அவர்கள் உடனே பெயர்பெற்ற பிட்சர் (பந்து வீசுபவர்) கிரெக் மாடக்ஸை இழுப்பார்கள். 355 வெற்றிகள், 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, எல்லாம் குறியாலும் மூளையாலும் வந்தவை என்பார்கள். உண்மைதான். ஆனால் இளமையில் மாடக்ஸும் 90 மைலைத் தொட்டவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 90 மைல் என்றால் மணிக்கு 145 கிலோமீட்டர். அந்த அளவு வேகம்கூட இல்லாமல் குறியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அங்கே போயிருக்க முடியாது.

இன்னொரு கட்சி, குளிர்காலம் முழுக்கப் பிள்ளையை உள்ளரங்கப் பயிற்சிக்கூடத்தில் விட்டு, மூன்று மாதத்தில் ஐந்து மைல் கூட்டித் தருகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிற கட்சி. இவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு ஒரு கதவு திறக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

எண்ணின் நியாயம்

எனக்கு இந்த விளையாட்டில் யாரையும் தெரியாது. சென்னை கிரிக்கெட் லீகில் கீழ் டிவிஷன் ஒன்றில் புதுப்பந்து போட்டவன் நான். பேஸ்பாலைப் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். என் மகனுடைய டீமில் பல பையன்களுக்கு அப்பா கல்லூரிக்கு ஆடியவர், தாத்தா பள்ளியில் கோச்சாக இருந்தவர். ஒரு பையனைப் பார்த்ததும் "பிட்சர் மாதிரி இருக்கான்" என்று சொல்லும் பழைய கண் ஒன்று இந்த ஊரில் உண்டு. அந்தக் கண்ணில் ஒல்லியான, கண்ணாடி போட்ட இந்தியப் பையன் சட்டென்று படமாட்டான். ரேடார் கன்னுக்கு அந்தக் கண் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எவ்வளவு உயரம் என்று அது கேட்பதில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கருவியின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

2008இல் இந்தியாவில் மில்லியன் டாலர் ஆர்ம் என்று ஒரு போட்டி நடந்தது நினைவிருக்கலாம். பேஸ்பாலைக் கையில் தொட்டே இராத பையன்களை வரிசையில் நிற்கவைத்து, ரேடார் கன்னை நீட்டி வீசச் சொன்னார்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப்பிரதேசப் பையன்கள் அதிலிருந்து அமெரிக்கா போய் பிட்சிங் கோச் டாம் ஹவுஸிடம் பயிற்சி பெற்று, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கதவைத் திறந்தது எண்தான். விளையாட்டின் விதிகளைக்கூட அவர்கள் பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

மேலே போகப்போக அந்த எண்ணின் விலை ஏறிக்கொண்டே போகிறது. 2008 வாக்கில், அமெரிக்காவின் உச்சமட்டத் தொழில்முறை லீகான மேஜர் லீகில் சராசரி ஃபாஸ்ட்பால் (பிட்சரின் வேகமான பந்து) 92 மைலை ஒட்டி இருந்தது. இப்போது 94ஐத் தாண்டிவிட்டது. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பிட்சர் நின்று வீசும் மேட்டிலிருந்து, மட்டைக்காரன் நிற்கும் வீட்டுத்தட்டு வரை தூரம் 18.44 மீட்டர், 95 மைல் பந்து அதைக் கடக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.4 விநாடி. மட்டைக்காரன் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றி முடிக்க அவ்வளவுதான் அவகாசம். அதில் நூறில் ஒரு பங்கு விநாடி குறைந்தாலும் அவனுக்குப் பெரிய இழப்பு. 2010 செப்டம்பரில் அரோல்டிஸ் சாப்மன் சான் டியேகோவில் 105.1 மைல் வீசினார். கிலோமீட்டரில் 169. நாம் வாய்பிளந்து பார்த்த ஷோயப் அக்தரின் 161.3ஐ இதன் பக்கத்தில் வைத்தால் பேஸ்பாலின் வேகம் எந்த ரகம் என்று தெரியும். கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக்கூடாது. பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை, முழங்கையை மடக்கி விரித்து எறிவதுதான் இங்கே கலையே. அந்தக் கூடுதல் வேகத்துக்கும் கூடுதல் காயத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

சரி, எண் ஒன்றே போதுமா என்று கேட்டால், அதற்கு ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி இருக்கிறார். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் பால்டிமோர் ஓரியோல்ஸின் கீழ்மட்ட லீகுகளில் வீசியவர். அவர் பந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அதைவிட வேகமான ஒன்றைப் பார்த்ததில்லை என்று சாகும்வரை சொன்னார்கள். 1960இல் ஸ்டாக்டன் டீமுக்காக 170 இன்னிங்ஸ் வீசி 262 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதே அளவு, அதாவது இன்னொரு 262 முறை, குறி தவறிய பந்துகளால் மட்டைக்காரனைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டார் (வாக்). 1963 வசந்தத்தில் ஒருவழியாக மேஜர் லீக் டீமில் இடம் கிடைக்கப்போகிறது என்ற நேரத்தில் முழங்கை போய்விட்டது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலே அவர் ஆட்டம் முடிந்தது. 2020இல் இறந்தார். அவருடைய கதையைப் படித்தபோது எனக்குக் குறியைப் பற்றிய கவலையைவிட அந்த முழங்கையைப் பற்றிய கவலைதான் அதிகம் வந்தது.

மண்ணில் கிடந்த கோடு

என் யோசனை திரும்பியது ஒரு ஏப்ரல் மாலையில், ஊர்ப் பூங்காவின் களிமண் மேட்டில். மகனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கும் கோச் ஒருவர் உண்டு. கல்லூரியில் பிட்சராக இருந்தவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பையன் வீசிக்கொண்டே இருந்தான், எண் 70, 71 என்று அங்கேயே நின்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இன்னும் வேகமாகச் சுழற்றப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது, எண் மட்டும் அசையவில்லை. கோச் ரேடார் கன்னை அணைத்துவிட்டு மேட்டுக்கு நடந்தார். பையனின் தோளையோ கையையோ தொடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மண்ணைப் பார்த்தார்.

வலதுகைப் பிட்சர் வீசும்போது இடதுகால் முன்னே போய் ஊன்றும். நல்ல பிட்சருக்கு அந்த இடத்தில் ஒரு குழி விழும். என் மகன் ஊன்றிய இடத்தில் குழி இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போன கோடு ஒன்று கிடந்தது, அதன் நுனி இடதுபக்கம் திரும்பியிருந்தது. கோச் விரலால் அந்தக் கோட்டைத் தடவிக் காட்டினார். "உன் வேகம் இங்கே போய்க்கொண்டிருக்கிறது" என்றார்.

அப்புறம் ஃபோனை எடுத்து, விநாடிக்கு 240 ஃபிரேம்கள் எடுக்கும் மெதுவோட்டத்தில் பக்கவாட்டிலிருந்து பிடித்ததைக் காட்டினார். மூன்று பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். முன்கால் தரையைத் தொடுகிறது, முழங்கால் மடங்கியிருக்கிறது. அதுவரை சரி. இடுப்பு திரும்பத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் முழங்கால் நின்று தாங்கியிருக்க வேண்டும், பிறகு நிமிரத் தொடங்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. முழங்கால் இன்னும் மடங்கிக்கொண்டே முன்னால் ஒழுகியது. உடம்பு முழுவதும் அதோடு சேர்ந்து முன்னே நகர்ந்தது. கை பின்னாலிருந்து வந்து பந்தை விடும்போது, நெஞ்சு திரும்பி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. கால், இடுப்பு, முதுகு என்று வரிசையாக ஏறி வரவேண்டிய விசை பாதி வழியிலேயே தீர்ந்துபோய், கடைசி வேலையைக் கை தனியாகச் செய்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன், வேறு விளையாட்டில், வேறு ஊரில். சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் 1987இல் தொடங்கி ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி வந்துபோன பிறகு, ஊரில் வேகப்பந்து போடும் ஒவ்வொருவன் வாயிலும் 'முன்கால், முன்கால்' என்ற பேச்சாகவே இருந்தது. முன்கால் மடங்கினால் பந்து செத்துவிடும் என்று வலைப்பயிற்சியில் திட்டு வாங்காத பையனே கிடையாது. ஓடி வரும் வேகத்தை முன்கால் பிடித்து நிறுத்தினால்தான் மேல்உடம்பு அதன்மேல் கவிழ்ந்து பந்துக்கு அந்த விசை போகும். பேஸ்பாலில் ஓட்டம் இல்லை, ஒரு நீண்ட எட்டு மட்டும்தான். ஆனால் விதி அதேதான். ஓடுகிற சைக்கிளின் முன்சக்கரம் கல்லில் மோதி நின்றால் ஓட்டுகிறவன் எப்படிப் பறக்கிறானோ, அப்படி நிற்கிற கால் மேல்உடம்பை எறிய வேண்டும்.

பிட்சரின் தோள் உட்பக்கமாகச் சுழலும் வேகம் விநாடிக்கு 7,000 டிகிரிக்கு மேல். மனித உடம்பு செய்கிற அசைவுகளிலேயே இதுதான் மிக வேகமானவற்றில் ஒன்று. அவ்வளவு வேகத்தைத் தோள் தசைகள் மட்டும் சேர்ந்து உண்டாக்க முடியாது. பின்கால் தள்ளுகிறது, முன்கால் நிறுத்துகிறது, இடுப்பு முதலில் திரும்புகிறது, தோள் ஒரு கணம் பின்தங்கி நின்று பிறகு திரும்புகிறது, நடுஉடம்பு முறுக்கேறி விடுபடுகிறது. கை அந்த வரிசையின் கடைசி ஆள். முன்னால் இருப்பவர்கள் வேலையைச் செய்யாவிட்டால் கடைசி ஆள் தலையில்தான் எல்லாம் விழும்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மகன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் ஒற்றைக்காலில் குதித்து இறங்கி அசையாமல் நிற்கப் பார்த்தான். இடதுகால் ஆடியது. வலதுகாலில் நின்றான், ஆடவில்லை. "அப்பா, இந்தக் கால் வீக்காவே இருந்திருக்குப்பா" என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை. திருத்த முடிகிற ஒரு தப்பு கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

கனத்த பந்து

இந்த இடத்தில் கனத்த பந்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேகத்தைக் கூட்டுகிறோம் என்று சொல்லும் எந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் கலர் கலராக ரப்பர் பந்துகள் ஒரு கூடையில் இருக்கும். வழக்கமான பேஸ்பால் ஐந்து அவுன்ஸ், 142 கிராம். இந்தக் கூடையில் அதைவிட லேசானவையும் உண்டு, பல மடங்கு கனத்தவையும் உண்டு. கனத்ததையும் லேசானதையும் மாற்றி மாற்றி வீசினால் கை வேகத்துக்குப் பழகும் என்பது கணக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில் இருக்கும் டிரைவ்லைன் இந்த முறையைப் பரப்பியதில் முக்கியமான இடம். அங்கே அளந்து, படம்பிடித்து, ஆளுக்கு ஏற்றபடி செய்கிறார்கள். பெரியவர்கள் பலர் அங்கே போய்ப் பலன் பெற்றிருக்கிறார்கள். அந்தப் பந்தை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, அளவும் இல்லாமல் ஆளும் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுக்கும் இடங்கள்தான் என் கவலை.

இதில் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. 2018இல் வந்த ஒரு ஆய்வில் 13 முதல் 18 வயது வரை உள்ள 38 பிட்சர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு வாரம் கனத்த பந்துப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு அவுன்ஸிலிருந்து 32 அவுன்ஸ் வரை. அவர்களுடைய வேகம் 3.3 சதவீதம் கூடியது. 70 மைல் வீசும் பையனுக்கு அது இரண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல். தோள் பின்பக்கம் வளையும் அளவும் நான்கு டிகிரிக்கு மேல் கூடியது. அந்தப் பாதியில் 24 சதவீதம் பேருக்குக் காயம். கனத்த பந்து வீசாத பாதியில் ஒருவருக்கும் இல்லை. ஆறே வாரத்தில் தோள் அவ்வளவு கூடுதலாக வளைகிறது என்பதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்த வளைவைத் தாங்கப் பழகுவதற்கு அந்தப் பிள்ளையின் மூட்டுக்கு யார் நேரம் கொடுத்தார்கள் என்பதுதான்.

சின்ன ஆய்வுதான், 38 பேர்தான். ஆனாலும் 14 வயதுப் பிள்ளையின் அப்பாவாக எனக்கு அது போதும். அந்த இரண்டு மைலை முன்காலிலிருந்தே எடுக்க முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு, அதைத் தோள்மூட்டிலிருந்து எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

களைத்த கை

முழங்கையின் உட்பக்கம், எலும்பு புடைத்துத் தெரியும் இடத்துக்குக் கீழே, மேல்கையையும் முன்கையையும் சேர்த்துக் கட்டும் லிகமென்ட் ஒன்று இருக்கிறது. வீசும்போது முழங்கையைப் பிளக்கப் பார்க்கும் விசையை அதுதான் முதலில் எதிர்கொள்கிறது. பெரிய பிட்சர்களை வைத்து அளந்தபோது அந்த இடத்தில் 64 நியூட்டன் மீட்டர் அளவு திருகல் வருகிறது என்று கண்டார்கள். இறந்தவர்களின் கைகளில் அந்த லிகமென்டைத் தனியாகச் சோதித்தால் அதில் பாதி அளவிலேயே அறுந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு பந்துக்கும் அது அறுந்திருக்க வேண்டுமே? அறுவதில்லை, ஏனென்றால் அதன்மேல் படர்ந்திருக்கும் முன்கைத் தசைகள் இறுகிப் பிடித்துப் பாதிச் சுமையை வாங்கிக்கொள்கின்றன.

எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தசை களைக்கும். எண்பதாவது பந்தில் அது முதல் பந்தில் இறுகியதுபோல இறுகாது. அப்போது சுமை முழுக்க லிகமென்டுக்கு மாறுகிறது. பையன் அதே எண்ணைத்தான் காட்டுவான், வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. தசை வலித்துச் சொல்லும், ஓய்வெடுத்தால் சில நாளில் தேறும். லிகமென்டுக்கு ரத்த ஓட்டம் குறைவு, தேறுவதும் மெதுவாகத்தான். என் மகன் வயதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த லிகமென்ட் பிடித்திருக்கும் எலும்பு முனையில், எலும்பு வளரும் பகுதியான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. பெரியவர்களுக்கு லிகமென்ட் கிழியும் இடத்தில் பிள்ளைகளுக்கு அந்த முனையே பெயர்ந்து வரும்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட 95 இளம் பிட்சர்களை, காயமே படாத 45 பேரோடு வைத்துப் பார்த்தார்கள். 85 மைலுக்கு மேல் வீசியவர்களுக்கு ஆபத்து இரண்டரை மடங்கு. ஓர் ஆட்டத்துக்கு சராசரியாக 80 பந்துக்கு மேல் வீசியவர்களுக்கு நான்கு மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் வீசியவர்களுக்கு ஐந்து மடங்கு. கை களைத்த பிறகும் அடிக்கடி வீசியவர்களுக்கு 36 மடங்கு.

இரண்டரை, 36. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அடங்கியது. வேகத்துக்கு ஆசைப்படுவதில் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. 2024 டிசம்பரில் மேஜர் லீகே வெளியிட்ட அறிக்கையும், வேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழுபலத்தோடு வீசுவதையும்தான் காயங்களுக்குக் காரணமாகச் சொல்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் மட்டத்தில், வேகத்தைவிடப் பெரிய எதிரி களைப்பு. சனிக்கிழமை ஒரு டீமுக்கு வீசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டீமுக்குக் கேட்சராக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பந்துகளைத் திருப்பி எறிந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தனிப்பயிற்சிக்குப் போகிற பையனை நான் நேரில் பார்க்கிறேன். அவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் எந்த ஒரு இடத்திலும் அவன் அளவுக்கு மீறவில்லை. மூன்று இடத்தையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அறுவை சிகிச்சை இருக்கிறதே என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு, வேறிடத்துத் தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தபோது, அவர் மறுபடி ஆடுவார் என்று பெரிய நம்பிக்கை இல்லை. அவர் 1976இல் திரும்பி வந்து 1989 வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை. தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் 2023இல் அதே சிகிச்சை செய்துகொண்டு அடுத்த ஆண்டே டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்காக மேஜர் லீக் மேட்டில் ஏறினார். அருமையான மருத்துவம். ஆனால் சில பெற்றோர்கள், அதைச் செய்தால் வேகம் கூடும் என்று நம்புகிறார்கள். கூடுவதெல்லாம் ஓராண்டுக்கு மேல் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் காலையும் இடுப்பையும் ஒழுங்காகப் பலப்படுத்துவதால் வருவது. அதைக் கத்தி இல்லாமலே செய்யலாமே.

பந்து இல்லாத குளிர்காலம்

நாங்கள் அப்படித்தான் செய்தோம். மேஜர் லீகும் அமெரிக்காவின் பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்டிருக்கும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி, ஆண்டில் நான்கு மாதம் வீச வேண்டாம், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாகப் பந்தையே தொட வேண்டாம் என்கிறது. இலையுதிர்கால ஆட்டங்கள் முடிந்ததும் கையுறையை அலமாரியில் வைத்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை காலுக்குத்தான். பின்காலைப் பெஞ்சில் வைத்து முன்காலில் மட்டும் உட்கார்ந்து எழுவது, கனம் தூக்குவது, பக்கவாட்டில் குதித்து இடதுகாலில் இறங்கி அசையாமல் நிற்பது, இரண்டு கிலோ மெடிசின் பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் அடிப்பது. பார்க்க ஒரு சுவாரசியமும் இல்லாத வேலை. எண் காட்டும் கருவி எதுவும் பக்கத்தில் இல்லை. அவன் பொறுமையாகச் செய்தான் என்பதில் எனக்குப் பெருமை.

சாப்பாடு தனிக்கதை. எடை கூடாமல் வேகம் கூடாது என்று கோச் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முட்டைகூட வந்ததில்லை. பையன் அம்மாவிடம் போய்க் கேட்டான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தனியா ஒரு சட்டி வாங்கிக்கோ, நீயே சமைச்சுக்கோ, கழுவி வை" என்றாள். இப்போது காலையில் இட்லிக்குப் பக்கத்தில் அவன் சட்டியில் மூன்று முட்டை வேகிறது. சாயங்காலம் சுண்டலும் பனீரும். ஊரிலிருந்து வீடியோ காலில் பார்க்கும் என் அம்மா, முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளை முகம் தெளிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வசந்தத்தில் மறுபடி பந்தை எடுத்தபோது முதல் சில வாரம் குறி எங்கெங்கோ போனது. கால் நிற்க ஆரம்பித்ததும் பந்தை விடும் நேரம் மாறிவிட்டது, பழைய நேரத்தில் விட்டால் பந்து தரையில் குத்தியது. அது சரியாக மே மாதம் ஆனது. ரேடார் கன்னைக் கோச் அதுவரை வெளியே எடுக்கவில்லை. எடுத்த நாளில் 75 காட்டியது. இதில் எவ்வளவு காலால் வந்தது, எவ்வளவு வளர்ந்ததால் வந்தது என்று பிரிக்க முடியாது. இந்த வயதில் ஒன்றுமே செய்யாமல் உயரம் கூடினாலும் ஒன்றிரண்டு மைல் வரும். எனக்கு எண்ணைவிட முக்கியமாகப் பட்டது அவன் கழுத்து. நரம்பு புடைக்கவில்லை. முன்கால் மண்ணில் குழி போட்டிருந்தது.

இப்போது வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நவம்பரில் ஒரு ஷோகேஸுக்கு அவனை அழைத்திருக்கிறார்கள். நிறைய கல்லூரிக் கோச்சுகள் வருவார்கள், ஒவ்வொருவனும் தன்னுடைய அதிக வேகத்தைக் காட்ட வேண்டும். சீசன் முழுக்க வீசிய கை, ஓய்வுக்குப் போக வேண்டிய மாதம். நான் வேண்டாம் என்கிறேன். அவன், "நீங்கதானே எண் நியாயமானதுன்னு சொன்னீங்க?" என்று கேட்கிறான். நல்ல கேள்வி. ஓய்ந்த கையோடு மார்ச் மாதம் அதே எண்ணைக் காட்டலாம், அப்போது அது இன்னும் நியாயமாக இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை, கோச்சிடம் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இங்கே பிள்ளைகளைப் பேஸ்பாலுக்கு அனுப்பும் நம்மவர்களுக்கு. பிட்ச் ஸ்மார்ட் கணக்கில், 14 வயது வரை ஒரு நாளில் 66 பந்தோ அதற்கு மேலோ வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு, 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95. ஆண்டுக்கு 100 இன்னிங்ஸைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு டீமும் தன் கணக்கை மட்டும்தான் வைத்திருக்கும். நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, எந்த டீம், எத்தனை பந்து, மறுநாள் கை எப்படி இருந்தது என்று நான்கே கட்டங்களில் எழுதுகிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து இரண்டு டீம் கோச்சுகளுக்கும் அனுப்பிவிடுகிறேன். முதலில் ஒருவர் முகம் சுளித்தார். இப்போது மற்றப் பையன்களின் பெற்றோரிடமும் அவரே அதைக் கேட்டு வாங்குகிறார்.